கடைமடைக்கு வராத ரீசார்ஜ் காசு

ரீசார்ஜுக்கு ஒரு ரூபாய். அவசர அழைப்பு நிதி என்று தனியாக வாங்கினால் என்ன என்று கேட்கிறார்கள். நான் வேலை பார்க்கும் துறையில் இதைக் கேட்பவர்கள் அதிகம், ஏனென்றால் பாதிப் பேர் அமெரிக்காவில் இரண்டு வருஷமாவது இருந்துவிட்டு வந்தவர்கள். "அங்க போன் பில்லுல 911க்குன்னு தனியா ஒரு வரி இருக்கும். காசு வாங்குறான், கூப்பிட்டா வண்டி வருது. இங்கயும் வாங்க வேண்டியதுதானே? போஸ்ட்பெய்டுக்குப் பிரச்சனை இல்ல, பில்லுல போட்டுடலாம். ப்ரீபெய்டுகாரன்தான் தப்பிச்சுருவான். அவன்கிட்ட எப்படி வசூல் பண்றதுங்கறதுதான் கேள்வி."

தப்பிச்சுருவான் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இந்தியாவில் கைபேசி வைத்திருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ப்ரீபெய்டு. தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் போய் போஸ்ட்பெய்டு யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், வங்கி மேலாளரைக் காட்டுவார்கள், அவரும் கும்பகோணத்திலிருந்து வந்து போகிறவராக இருப்பார். பேசிவிட்டு மாதக் கடைசியில் காசு கொடுப்பது மற்றவர்களுக்கு உள்ள வசதி. நாற்று நடப் போகிற பெண் பேசுவதற்கு முன்பே காசு கொடுத்துவிடுகிறாள். அதிலிருந்து வரியும் தீர்வையும் அன்றைக்கே கழிந்துவிடுகின்றன. நாட்டிலேயே வரி பாக்கி வைக்க முடியாத ஒரு வர்க்கம் உண்டென்றால் அது ப்ரீபெய்டுகாரர்கள்தான். இவர்களைத் தப்பித்தவர்கள் என்கிறோம்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு ஏர்டெல்லில் 28 நாள் ரீசார்ஜின் கீழ்ப்படி 199 ரூபாய் ஆனது. இதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. 30 ரூபாய் 36 காசு. மிச்சம் 168 ரூபாய் 64 காசு நிறுவனத்தின் வருமானம். அந்த வருமானத்தில் 8 சதவீதம் உரிமக் கட்டணமாக மத்திய அரசுக்குப் போகிறது. அந்த எட்டில் ஐந்து, எல்லாருக்கும் தொலைபேசி போய்ச் சேர வேண்டும் என்பதற்கென்றே வாங்கப்படும் தீர்வை. சில கழிவுகளை விட்டுவிட்டுத் தோராயமாகச் சொன்னால் 199 ரூபாயில் எட்டேகால், எட்டரை ரூபாய். 28 நாளுக்கொரு தடவை என்றால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ், கிட்டத்தட்ட 110 ரூபாய். நண்பர்கள் கேட்கிற ஒரு ரூபாயை அவள் எட்டு மடங்காக ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நிறுவனம் கட்டுகிற தீர்வைதானே, வாடிக்கையாளர் கட்டுவதில்லையே என்று ஒருவர் மடக்கலாம். நிறுவனத்துக்குப் பணம் மரத்தில் காய்ப்பதில்லை. ரசீதில் அச்சாகவில்லை என்பதால் அது அவள் காசு இல்லை என்று ஆகிவிடாது.

இந்தத் தீர்வைக்கு ஒரு வரலாறு உண்டு. 2002 ஏப்ரலில் தொடங்கிய உலகளாவிய சேவைக் கடப்பாட்டு நிதி, பிறகு தந்திச் சட்டத் திருத்தத்தின் மூலம் சட்டத் தகுதி பெற்றது. 2023இன் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று புதுப் பெயர் வைத்தது. தீர்வை நேராக நிதிக்குப் போவதில்லை. முதலில் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும், அங்கிருந்து நாடாளுமன்றம் ஒதுக்கினால்தான் இங்கே வரும். வசூலானது முழுதாக வந்து சேரவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் குறிப்பெழுதினார். 2019 வாக்கில் ஒதுக்கப்படாமல் நின்ற தொகை 50,000 கோடி ரூபாய்க்கு மேல். சேர்ந்திருப்பதைச் செலவழித்து முடிக்கும்வரை தீர்வையை நிறுத்தி வையுங்கள் என்று நிறுவனங்களின் சங்கமே கேட்கிற நிலை. அவர்கள் கேட்பது அவர்கள் லாபத்துக்காக. ஆனாலும் கேட்பதற்கு இடம் இருந்தது.

டெல்டாக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஜூன் 12 மேட்டூர் திறந்ததாகப் பேப்பரில் படம் வரும், அமைச்சர் பூத்தூவுவார். கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிற வரைக்கும் எல்லாரும் பார்ப்பார்கள். பேராவூரணிப் பக்கமும் வேதாரண்யம் பக்கமும் கடைமடைக்காரன் வாய்க்காலில் இறங்கி நின்று கையால் சேற்றைத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். எவ்வளவு கனஅடி திறந்தார்கள் என்பது அவனுக்குச் செய்தியே அல்ல. தன் மடைக்கு வந்ததா என்பதுதான் செய்தி. ரீசார்ஜ் தீர்வை விஷயத்திலும் இவ்வளவுதான் கேட்கிறேன். எங்கள் மடைக்கு என்ன வந்தது?

கோபுரம் வந்தது, பஞ்சாயத்துக்குக் கண்ணாடி இழைக் கம்பி வந்தது என்பார்கள். சரி. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கம்பி இழுக்கும் திட்டம் நல்ல திட்டம்தான், நான் அதற்கு எதிரி இல்லை. அவசர எண்ணும் வந்தது. 2019 பிப்ரவரியில் 112ஐத் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களுக்குத் தொடங்கிவைத்தார்கள். அதற்கான பணம் நிர்பயா நிதியிலிருந்து. 2008 செப்டம்பரிலிருந்து நமக்கு 108 இருக்கிறது, அது சுகாதாரப் பணத்தில் ஓடுகிறது. இரண்டுக்கும் அழைத்தால் காசு பிடிப்பதில்லை. சேவை நிறுத்தப்பட்ட எண்ணிலிருந்தும் 112 போக வேண்டும் என்ற டிராயின் பரிந்துரையை மத்திய அரசு ஏற்றிருக்கிறது. பட்டன் போன் என்றால் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் போதும் என்று 2017 முதல் விதி இருக்கிறது. (என் ஊரில் இதைத் தெரிந்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை, அது வேறு கதை.)

ஆக, காசில்லாதவனும் கூப்பிடலாம். பிரச்சனை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கூப்பிட்டவனைத் திருப்பிக் கூப்பிட முடியாது.

வேலிடிட்டி முடிந்தால் முதலில் அவுட்கோயிங் போகும். சில நாளில் இன்கமிங்கும் போகும், எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நகரத்தில் இருப்பவருக்கு இது தொந்தரவு, அவ்வளவே. டெல்டாக் கிராமத்தில் இதன் அர்த்தம் வேறு. எங்கள் பக்கம் முகவரி என்பது பேச்சில்தான் இருக்கிறது. மேல, கீழ, வட, தென் என்று ஒரே பெயரில் நாலு ஊர். ஊருக்குள் மேலத்தெரு, கீழத்தெரு, வாய்க்காலைத் தாண்டிக் காலனித் தெரு. கூகுள் மேப் அக்ரஹாரத்தையும் கோயிலையும் துல்லியமாகக் காட்டும், காலனித் தெருவுக்குப் போகிற மதகுப் பாலத்தைக் காட்டாது. இரவில் தண்ணீர் பார்க்கப் போனவரைப் பாம்பு கடித்தால் அவர் கிடக்கிற இடத்துக்கு முகவரியே கிடையாது. "பம்ப்செட்டு தாண்டி, ரெண்டாவது மடை, ஒத்தப் பனை" என்று சொல்லிச் சொல்லித்தான் வண்டியை வரவழைக்க வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதாது. ஆம்புலன்ஸ் டிரைவர் மெயின் ரோட்டுக்கு வந்ததும் கூப்பிடுவார், ஆற்றங்கரையில் திரும்பும் முன் கூப்பிடுவார், வழி தப்பினால் மறுபடி கூப்பிடுவார். அவசர அழைப்பு என்பது எங்கள் ஊரில் ஒரு அழைப்பு அல்ல. நாலைந்து அழைப்புகள், அதில் முதலாவதைத் தவிர மற்ற எல்லாம் இன்கமிங்.

ஒரத்தநாட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரில் தனியாக இருக்கிற என் சித்தி, ஒரு கோடையில் விடியற்காலை கொல்லையில் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தார். உளுந்து எடுத்து முடித்து, குறுவைக்கு இன்னும் நாள் இருக்கிற மாதம். டெல்டாவில் கையில் காசு புரளாத மாதங்கள் அவை. ரீசார்ஜ் முடிந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. 108 போயிற்று. எடுத்தவர்கள் நிதானமாகப் பேசி ஊர்ப் பெயரை வாங்கினார்கள். வண்டியும் சீக்கிரமே கிளம்பியது. ஆனால் கல்லணைக் கால்வாயின் மறுகரையில் ஏறிவிட்டது. அவர்கள் திருப்பிக் கூப்பிட்டபோதெல்லாம், இந்த எண்ணில் இன்கமிங் வசதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது என்று ஒரு குரல் மிக மரியாதையாகச் சொல்லியிருக்கிறது. பால் ஊற்றப் போன ஒரு பையன் பாலத்தில் நின்றுகொண்டிருந்த வண்டியைப் பார்த்து, "யாரு வூட்டுக்கு அண்ணே?" என்று கேட்டதால் அது வந்து சேர்ந்தது. சித்தி தஞ்சாவூர் மெடிக்கலில் இருபது நாள் இருந்தார். இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். இடுப்பெலும்பு என்பதால் முக்கால் மணி நேரம் பொறுத்தது. கண்ணாடி விரியன் கடியாக இருந்திருந்தால் பொறுத்திருக்குமா?

இன்கமிங்குக்குக் காசு என்பதை நாம் ஒரு தடவை ஒழித்தோம். 2003க்கு முன் வருகிற அழைப்புக்கும் நிமிஷக் கணக்கில் காசு. மணி அடித்தால் நம்பரைப் பார்த்துக் கட் பண்ணிவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடியவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே இருப்பார்கள். 2003இல் அழைப்பவரே கட்டணம் தருவது என்று ஆனதும்தான் கைபேசி வயலுக்கு வந்தது. பேச வழியில்லாதவனும் மற்றவர் பேசுவதைக் கேட்கலாம் என்பதுதான் அந்தப் புரட்சி, மற்றபடி அதில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை.

அதைத் திருப்பி எடுத்துக்கொண்ட காலத்தையும் டெல்டா மறக்கக்கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் படுத்தன. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. ஜெனரேட்டர் வைத்து, போனுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார்கள். அதே நவம்பரில்தான் பெரிய நிறுவனங்கள் 28 நாளுக்குக் குறைந்தபட்சம் 35 ரூபாய் ரீசார்ஜ் செய்யாவிட்டால் முதலில் அவுட்கோயிங், பிறகு இன்கமிங் கட் என்று குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன. கணக்கில் பணம் இருந்தாலும் கட். நவம்பர் 27இல் டிராய் குறுக்கிட்டது. எப்படி? வேலிடிட்டி எப்போது முடியும் என்பதை வாடிக்கையாளருக்கு 72 மணி நேரத்துக்குள் தெளிவாகச் சொல்லுங்கள், இருப்பு உள்ளவர்களை அதுவரை துண்டிக்காதீர்கள் என்று. சொல்லிவிட்டுத் துண்டிக்கலாம் என்று அதற்குப் பொருள். சொன்னார்கள், துண்டித்தார்கள். அன்றைய 35 ரூபாய், 2021 கடைசியில் 99, 2023இல் 155, 2024இல் 199. ஆறு வருஷத்துக்குள் ஐந்தரை மடங்குக்கு மேல். நூறு நாள் வேலையின் முழுக் கூலி தமிழ்நாட்டில் 2024–25இல் 319 ரூபாய். முழுக் கூலி யாருக்குக் கிடைத்தது என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. முன்பெல்லாம் நம் நம்பருக்கு ஒரு அழைப்பு வந்தால், அழைத்தவரின் நிறுவனம் நம் நிறுவனத்துக்கு நிமிஷத்துக்கு இத்தனை பைசா என்று தரும். அது 14 பைசாவாக இருந்து 2017 அக்டோபரில் 6 ஆகி, 2021 ஜனவரியில் பூஜ்யம் ஆனது. ஆக, இன்கமிங் மட்டும் வாங்குகிற வாடிக்கையாளரால் வருமானமே இல்லை. இரண்டாவது சிம்மைச் சும்மா செருகி வைத்திருப்பவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள், அவர்களைச் சுமக்க முடியாது என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரெண்டு சிம் செருகியவனைத் துரத்தப் போட்ட வலையில் ஒரே சிம் வைத்திருந்தவளும் சேர்ந்து மாட்டினாள். வருமானம் தராத இடத்துக்குச் சேவை போக வேண்டும் என்பதற்காகத்தானே அந்த 5 சதவீதம்? கோபுரம் கட்டினால் லாபம் வராத மலைக்கிராமத்துக்கு நிதி உண்டு. கோபுரத்துக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தும் 199 ரூபாய் இல்லாததால் எட்டாதவளுக்கு எதுவும் கிடையாது. தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டுமே அளக்கத் தெரிந்த நிதி அது.

தொழில்நுட்பத்தில் முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். உங்கள் நம்பரைப் பற்றிய ஒரு பதிவு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அவுட்கோயிங் தடை, இன்கமிங் தடை என்பவை அந்தப் பதிவில் ஏற்றி இறக்குகிற கொடிகள். வேலிடிட்டி முடிந்தால் ஏற்று என்று ஒரு நிரல் எழுதியவர்களுக்கு, இந்த நம்பர் 112க்கோ 108க்கோ பேசினால் 48 மணி நேரம் இறக்கு என்று இன்னொன்று எழுத ஒரு வாரம் போதும். சோதித்துப் பார்க்க இன்னொரு மாதம். அவசர மையத்திலிருந்து திரும்பி வருகிற அழைப்பைச் சாதாரண அழைப்பு மாதிரி நடத்தித் தடுத்துவிடக்கூடாது, அதற்கு அடையாளம் வேண்டும் என்று இணையத் தரநிலைகளை வகுப்பவர்கள் 2014இலேயே ஒரு ஆவணம் வெளியிட்டார்கள். ஆர்.எஃப்.சி. 7090. உலகத்தில் வேறு இடங்களில் யோசித்து எழுதி முடித்த விஷயம் இது.

இன்னொன்றும் கவனியுங்கள். 2023இல் பேரிடர் எச்சரிக்கைச் சோதனை என்று நாடு முழுக்க ஸ்மார்ட்போன்கள் அலறின, நினைவிருக்கும். அந்தச் செய்தி கோபுரத்திலிருந்து எல்லாருக்கும் பொதுவாக ஒலிபரப்பாவது. ரீசார்ஜ் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. புயல் வருகிறது, ஓடு என்று அரசாங்கம் சொன்னால் கேட்கும். எங்கேம்மா இருக்கே என்று திருப்பூரிலிருந்து மகள் கேட்டால் கேட்காது.

இப்போது நண்பர்களின் அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே 911 கட்டணம் வீட்டுத் தொலைபேசி பில்லில் தொடங்கியது. ப்ரீபெய்டு வந்ததும் பில் இல்லையே, எதில் சேர்ப்பது என்று நிறுவனங்கள் வாதாடின. பல மாநிலங்கள் கடைசியில் அதைக் கடைக்காரர் தலையில் வைத்தன. டெக்ஸாஸில் 2010 ஜூனிலிருந்து ப்ரீபெய்டு வாங்கும்போதே 2 சதவீதம். போஸ்ட்பெய்டுக்கு மாதம் 50 சென்ட். இங்கே 5 சதவீதம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியதெல்லாம் 911க்கே போனதா? எஃப்.சி.சி. என்ற அந்த நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் வருஷா வருஷம் அவர்கள் காங்கிரஸுக்கு அறிக்கை தருகிறது. 911 பணத்தை வேறு செலவுக்குத் திருப்பிய மாநிலங்கள் என்று நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் அதில் மறுபடி மறுபடி வந்தன. பெயர் போட்டு வசூலித்தால் பெயருக்கே போய்ச் சேரும் என்ற நம்பிக்கை அங்கேயே பொய்த்துவிட்டது.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது, அதை மட்டும் நம் நண்பர்கள் கொண்டுவருவதில்லை. லைஃப்லைன் என்று ஒரு திட்டம், 1985இலிருந்து. ஏழைக் குடும்பத்தின் தொலைபேசிக் கட்டணத்தில் மாதம் 9.25 டாலர் வரை அவர்களுடைய உலகளாவிய சேவை நிதியே தருகிறது. ப்ரீபெய்டுக்கும் உண்டு. நம்முடையதைப் போன்ற அதே மாதிரி நிதி. அங்கே அது ஆளைத் தேடிப் போகிறது, இங்கே கம்பியோடு நின்றுவிடுகிறது.

2024 டிசம்பரில் டிராய் ஒரு நல்ல காரியம் செய்தது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள ரீசார்ஜ் கட்டாயம் வேண்டும், வேலிடிட்டி ஒரு வருஷம் வரை போகலாம் என்றது. அடுத்த மாதமே நிறுவனங்கள் கொண்டுவந்தன. 84 நாளுக்கு 448, 469 ரூபாய். 28 நாளுக்கு என்று வகுத்தால் 149, 156 வருகிறது, 199க்கு இது மேல்தான். ஆனால் 469 ரூபாயை மொத்தமாக எடுத்து வைக்க முடிந்தவளுக்குத்தான் அந்தச் சலுகை. சில்லறையில் வாங்குகிறவன் எப்போதும் கூடுதலாகக் கொடுக்கிறான். மளிகைக் கடையில் ஐம்பது கிராம் எண்ணெய் வாங்கியவர்களுக்கு இது தெரியும். நண்பர்கள் சொல்கிற ஒரு ரூபாயும் இப்படித்தான் விழும். வருஷ ரீசார்ஜ்காரருக்கு வருஷத்துக்கு ஒரு ரூபாய், மாதாமாதம் போடுகிறவளுக்கு 13.

ஆகவே புதுக் கட்டணம் எதுவும் வேண்டாம். வாங்குகிற கட்டணத்தை முதலில் ரசீதில் காட்டுங்கள். ரீசார்ஜ் ஆனதும் வருகிற குறுஞ்செய்தியில், உங்கள் 199இல் டிஜிட்டல் பாரத் நிதிக்கு இவ்வளவு என்று தமிழில் ஒரு வரி. கடைசி ரீசார்ஜ் முடிந்த பிறகும் 90 நாள் இன்கமிங் துண்டிக்கப்படக்கூடாது. அதற்கு ஆகிற செலவை நிறுவனம் கணக்குக் காட்டி அந்த நிதியிலிருந்து வாங்கிக்கொள்ளட்டும், ஒரே சிம் உள்ள எண்ணுக்கு மட்டும் என்று வரம்பு போட்டாலும் சம்மதம். அவசர எண்ணுக்குப் பேசிய போன் எதுவானாலும் 48 மணி நேரம் திறந்திருக்க வேண்டும், இதற்கு வரம்பே கூடாது. புயல் எச்சரிக்கை கொடுத்த மாவட்டங்களில் எச்சரிக்கை கொடுத்த நிமிஷத்திலிருந்து எல்லா எண்ணும் திறந்துவிட வேண்டும். நிறுவனங்களின் கருணைக்கு விடாமல், உரிம நிபந்தனையிலேயே இது இருக்க வேண்டும். கட்டணத்தை நிர்ணயிப்பது சந்தை, நாங்கள் தலையிடுவதில்லை என்று டிராய் சொல்லும். நான் கேட்பது கட்டணத்தைப் பற்றி அல்ல. எங்கள் காசில் ஓடுகிற ஒரு நிதி எங்களுக்கு எதைத் தர வேண்டும் என்பதைப் பற்றி.

இப்போதைக்கு இந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவர் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறவர். சிங்கப்பூரிலும் துபாயிலும் பிள்ளைகள் இருக்கிற கிழவிகளின் நம்பர்கள் அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கின்றன, பக்கத்தில் வேலிடிட்டி முடியும் தேதியோடு. தேதி வந்தால் அவரே போட்டுவிடுகிறார். காசு அறுப்புக்கு வரும், சில சமயம் வராது. சித்தி விழுந்த பிறகு, போன மாதம் நான் போனபோது, அவர் நம்பரும் நோட்டில் ஏறியிருந்தது. எவ்வளவு பாக்கி என்று கேட்டேன். "இருக்கு தம்பி, நெல்லு போட்டதும் பாத்துக்கலாம்" என்றார். வற்புறுத்தியதில் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மூன்று 199, அதில் ஒன்றை அடித்திருந்தார்.